குறி விழுந்த பொற்றாசியம், குறி விழாத கிரியேற்றினின்: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமிய வைத்தியசாலை ஒன்றிலிருந்து ஓகஸ்ட் மாதத்து வெயிலில், ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போட்டு, மற்ற மாதிரிகளோடு சேர்ந்து எங்கள் வைத்தியசாலை ஆய்வுகூடத்துக்கு வந்த இரத்தம் அது. 54 வயதுப் பெண். கேட்டிருந்த பரிசோதனைகள் இரண்டுதான்: சீரம் கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு; சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும்), எலக்ட்ரோலைட் (பொற்றாசியம் போன்ற இரத்த உப்புகள்). இயந்திரம் தந்த முடிவில் பொற்றாசியம் 6.1, பக்கத்தில் ‘எச்’ என்று உயர்வுக் குறி. கிரியேற்றினின் 84. அதற்குக் குறி எதுவும் இல்லை, ஏனென்றால் எங்கள் அறிக்கையில் பெண்களுக்கு அச்சிட்டிருக்கும் வீச்சு, அதாவது நோயற்றவரில் எதிர்பார்க்கும் அளவு, லீற்றருக்கு 53 முதல் 97 மைக்றோமோல்.

அனுப்பிய டொக்டருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவருக்குப் பொற்றாசியம்தான் பெரிதாகப் பட்டது. படத்தான் வேண்டும், 6ஐத் தாண்டிய பொற்றாசியம் இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது. உடனே நோயாளியை எங்கள் பக்கம் அனுப்பிவைத்தார். முடிவில் தெரியவந்தது இதுதான்: குறி விழுந்த எண் பெரும்பாலும் பொய், குறி விழாத எண் முழுக்க மெய். எப்படி அந்த முடிவுக்கு வந்தோம் என்பதை ஆய்வுகூடத்தில் நிற்பவர்களுக்கும், கிளினிக்கில் கொப்பி புரட்டும் இளம் டொக்டர்மாருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நோயாளி

2009இல் ஷெல் பட்டு இடது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். செயற்கைக்காலோடு நடக்கிறார். எடை 39 கிலோ. உயர் இரத்த அழுத்தத்துக்கு லோசாற்றன் குடிக்கிறார், நீரிழிவு இல்லை. கச்சான் தோட்டத்தில் களை பிடுங்கவும் கச்சான் பிடுங்கவும் கூலிக்குப் போகிறவர். வந்த காரணம் களைப்பு, பசியின்மை, கால் வீக்கம் கொஞ்சம்.

கூட வந்தவர் மகன். கையில் சொப்பின் பை. அதற்குள் கிளினிக் கொப்பி, மருந்துச் சீட்டுகள், ஏ9 வீதிப் பட்டினம் ஒன்றில் நாலைந்து நாளுக்கு முன் காசு கொடுத்துச் செய்த இரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாம் மடிப்புக் குலையாமல் இருந்தன. தாயின் கடதாசிகளை இப்படிக் காத்து வைத்திருக்கிற பிள்ளைகள்தான் எங்களுடைய பாதி வேலையைச் செய்கிறார்கள்.

“மிஸ், வெளியில செய்ததில நல்லாத்தான் வந்திருக்கு. முந்தி 52 இருந்தது, இப்ப 0.9க்கு இறங்கிட்டுது. பிறகு ஏன் இஞ்ச அனுப்பினவை?”

52 என்பது எங்கள் ஆய்வுகூடத்தில் லீற்றருக்கு மைக்றோமோலில் தந்த எண். 0.9 என்பது தனியார் ஆய்வுகூடம் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் தந்த எண். 0.9ஐ 88.4ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 80. இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. அரச வைத்தியசாலையில் ஒரு அலகு, தனியாரில் இன்னொரு அலகு என்று இருப்பதை நோயாளிகளின் தலையில் நாங்கள் கட்டியிருக்கிறோம். அந்தப் பிள்ளையின் கணக்கில் பிழை இல்லை. அந்தத் தனியார் அறிக்கையில் இருந்த வீச்சு 0.6 முதல் 1.3, ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே ஒன்று. அதன்படி அவர் நடுவில் வசதியாக இருந்தார்.

கொப்பியில் இருந்த எண்கள்

கிளினிக் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினால் முன்னைய மூன்று கிரியேற்றினின் முடிவுகள் கிடைத்தன. மூன்றும் எங்கள் ஆய்வுகூடத்தில், ஒரே முறையில் செய்தவை: 50, 52, 49. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘எல்’ என்று தாழ்வுக் குறி. சிறுநீரகம் நன்றாக வேலை செய்த காலத்தில் அறிக்கை அவரைக் குறி போட்டுக் காட்டியது. இப்போது 84 ஆனதும் குறியை எடுத்துவிட்டு எல்லாம் சரி என்கிறது.

ஏன் அப்படி? கிரியேற்றினின் தசையிலிருந்து வருகிறது. தசையில் உள்ள கிரியேற்றின் என்ற வேறொரு பொருளில் ஒரு சிறு பங்கு நாளுக்கு நாள் கிரியேற்றினினாக மாறி இரத்தத்துக்குள் வந்து, சிறுநீரகத்தால் வெளியேறுகிறது. தசை குறைந்தவருக்கு வரவே குறைவு. ஒரு முழுக்கால் உடல் எடையில் ஏறத்தாழ 16%. முழங்காலுக்கு மேல் வெட்டினால் அதில் பெரும்பகுதி போய்விடுகிறது, போவதில் அதிகம் தசை. மிச்சமுள்ள உடலும் 39 கிலோ. இந்த அம்மாவுக்கு 50தான் சரியான அளவு. இரணைமடுக் குளத்தின் அளவுமட்டத்தை வைத்துக்கொண்டு வவுனிக்குளம் நிரம்பிவிட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. அறிக்கையின் வலப்பக்க நிரலில் உள்ள வீச்சை வைத்து நாங்கள் செய்ததோ அதைத்தான்.

இப்போது கேள்வி: 50இலிருந்து 84க்கு ஏறியது உண்மையான ஏற்றமா?

தனியார் அறிக்கையின் 0.9ஐ மட்டும் வைத்து நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். கிரியேற்றினினை அளக்க இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, மாக்ஸ் யாஃபே 1886இல் விவரித்த தாக்கம்: காரத்தன்மையுள்ள பிக்ரிக் அமிலத்தோடு கிரியேற்றினின் சேர்ந்து செம்மஞ்சள் நிறம் தரும். மலிவானது, ஆனால் புரதம், குளுக்கோசு, கீற்றோன், சில அன்ரிபயோட்டிக் எல்லாம் அந்த நிறத்தில் பங்கு போடும். மற்றது நொதி முறை. செலவு கூட, குழப்பம் குறைவு. யாஃபே முறையில் சேரும் இந்தப் போலி அளவு கிரியேற்றினின் தாழ்வாக இருப்பவரில்தான் பெரிதாகத் தெரியும். 200 உள்ளவருக்கு 20 கூடினால் யாருக்கும் கவலையில்லை. 50 உள்ளவருக்கு 20 கூடினால் கதையே மாறிவிடும். ஆகவே அந்த 0.9 முறை வேறுபாட்டாலும் வந்திருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. எங்களிடமே, அதே முறையில், 84 வந்த பிறகுதான் அந்தச் சந்தேகம் விலகியது.

அதே முறையிலும் ஒரே ஆளில் நாளுக்கு நாள் கொஞ்சம் ஆடும். கிரியேற்றினின் ஒருவருக்குள் ஆடும் அளவு 5% அளவில். எங்கள் இயந்திரத்தின் ஆட்டத்தை 3% என்று வைத்தால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2.77ஆல் பெருக்கினால் வருவது சுமார் 16%. இரண்டு முடிவுகளுக்கிடையே இதைவிடக் கூடுதலான வித்தியாசம் இருந்தால் அது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. இந்த அம்மாவில் ஏற்றம் 68%. இயந்திரத்தைச் சரிபார்க்க ஓட்டும், அளவு முன்பே தெரிந்த அன்றைய இரண்டு நிலைக் கட்டுப்பாட்டு மாதிரிகளும் தங்கள் எல்லைக்குள் நின்றன. சந்தேகத்துக்கு இடமில்லை.

சிறுநீரக நோய்களுக்குச் சர்வதேச வழிகாட்டிகள் எழுதும் கெடிகோ அமைப்பு 2012இல் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்குத் தந்த வரைவிலக்கணமும் இதைத்தான் கேட்கிறது: ஏழு நாளுக்குள் கிரியேற்றினின் அடிப்படை அளவின் 1.5 மடங்காவது, அல்லது 48 மணி நேரத்தில் 26.5 மைக்றோமோல் ஏறுவது. அது ‘வீச்சுக்கு வெளியே போனதா’ என்று கேட்கவே இல்லை. ஆனால் முன்னைய அளவு எதுவும் தெரியாதவருக்கு இந்த ஒப்பீட்டைச் செய்யமுடியாது. கிளினிக் கொப்பி என்ற அந்த மட்டமான 80 பக்கக் கொப்பிக்கு அன்று இருந்த மதிப்பு அதுதான்.

பொற்றாசியம்

இதற்குள் புதிதாக இரத்தம் எடுத்திருந்தோம். முஷ்டியை இறுக்கி இறுக்கித் திறக்கச் சொல்லாமல், கையில் கட்டும் பட்டியை நீண்ட நேரம் விடாமல், எடுத்தவுடன் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தில் சுழற்றிக் கலங்களிலிருந்து சீரத்தைப் பிரித்தோம். கிரியேற்றினின் 83. பொற்றாசியம் 5.3.

காலையில் 6.1, பிற்பகலில் 5.3, இடையில் எந்தச் சிகிச்சையும் இல்லை. இரத்தக் கலங்கள் உடைந்தால் சீரம் சிவக்கும். முதல் மாதிரி சிவந்திருக்கவில்லை, சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. சிவப்பு இல்லாவிட்டால் பொற்றாசியம் நம்பத்தக்கது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இரத்தக் கலத்துக்குள் பொற்றாசியம் வெளியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதை உள்ளே பிடித்து வைத்திருப்பது கலச் சுவரில் சக்தி செலவழித்து இயங்கும் ஒரு பம்பி. குளிரில் அந்தப் பம்பி நின்றுவிடும். கலம் உடையாமலே பொற்றாசியம் கசியும். சுழற்றாத இரத்தத்தை ஐஸில் வைத்து மணிக்கணக்கில் கொண்டுவந்தால் நடப்பது அதுதான். வெயிலுக்குப் பயந்து ஐஸ் வைத்தவர்கள் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

ஊதா மூடிக் குழாயின் இரத்தம் தவறிக் கலந்ததா என்றும் பார்த்தோம். அந்தக் குழாயில் இருப்பது பொற்றாசியம் உப்பு, அது கல்சியத்தை இழுத்துப் பிடிக்கும். கலந்திருந்தால் பொற்றாசியம் ஏறும்போது கல்சியம் விழும். கல்சியம் 2.28, விழவில்லை. ஈ.சி.ஜியும் வழமை.

5.3 என்பதும் முழுக்க நல்லதல்ல. அதற்குக் காரணம் இருந்தது, அது கிரியேற்றினினின் காரணமும்கூட.

காரணம்

இந்தப் பக்கத்து விவசாயக் கூலி ஒருவருக்குக் கிரியேற்றினின் ஏறினால் எல்லோருக்கும் முதலில் வருவது கிணற்றுத் தண்ணீர். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் முற்றாகத் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா வரை இருக்கிறது. வன்னியின் நிலக்கீழ் நீர் பல இடங்களில் கடினமானது, புளோரைட் கூடியது. அந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. ஆனால் அந்த நோய் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வருவது. நிலையாக 50இல் நின்றவர் ஒரேயடியாக 84க்குப் போவது அதன் நடையில்லை. எலிக்காய்ச்சலும் நினைவில் இருந்தது. காய்ச்சல் இல்லை, குருதிச் சிறுதட்டுகள் குறையவில்லை, சிறுநீரில் புரதமோ கலங்களோ இல்லை.

வாட்டில் டொக்டர் பொறுமையாகக் கேட்டபோதுதான் விடயம் வந்தது. வெட்டிய காலின் முனையில் உளைவு. பாமசியில் சொல்லி வாங்கிய டைக்குளோபினாக், நாளுக்கு மூன்று வேளை, இரண்டு கிழமைக்கு மேல். அதோடு, தோட்டத்தில் நிற்கும்போது தண்ணீர் குடிப்பதில்லை.

“குடிச்சா ஒதுங்கப் போகோணும், டொக்டர். இந்தக் காலோட குந்தி எழும்ப ஏலாது. வீட்ட வந்துதான் குடிப்பன்.”

சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையும்போது அது உள்ளே வரும் நுண்நாடியை விரித்தும், வெளியே போகும் நுண்நாடியைச் சுருக்கியும் வடிகட்டலைக் காப்பாற்றப் பார்க்கும். டைக்குளோபினாக் முதலாவதைத் தடுக்கிறது, லோசாற்றன் இரண்டாவதைத் தடுக்கிறது. உடலில் நீரும் குறைவு. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டல் சரிகிறது. இரண்டு மருந்துகளும் பொற்றாசியத்தை வெளியேற்றும் வழியையும் மந்தமாக்குகின்றன. 5.3 வந்தது அதனால்தான்.

டைக்குளோபினாக் நிறுத்தப்பட்டது, லோசாற்றன் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, நீர் ஏற்றப்பட்டது. ஒரு கிழமையில் 63. ஒரு மாதத்தில் 52, பொற்றாசியம் 4.4.

ஈ.ஜி.எவ்.ஆர், அதாவது கிரியேற்றினினிலிருந்து சிறுநீரக வடிகட்டலை மதிப்பிடும் கணக்கைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் இப்போது பல ஆய்வுகூடங்கள் அதைத் தாமாகவே அச்சிடுகின்றன. 84 என்ற கிரியேற்றினினை 2021ஆம் ஆண்டின் சி.கே.டி. எபி சமன்பாட்டில் போட்டால் இவருக்கு 71 வருகிறது; 60க்கு மேல் என்று ஆறுதல்படலாம். எடையைக் கணக்கில் எடுக்கும் பழைய கொக்குரோவ்ற் கோல்ற் சமன்பாட்டில் போட்டால் நிமிடத்துக்கு 42 மில்லிலீற்றர். கால் இழந்தவருக்கு இரண்டுமே பொருத்தமாக உருவாக்கப்பட்டவை அல்ல. ஆனால் முதலாவது, சராசரித் தசை உள்ள ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொண்டு பேசுகிறது. சிறுநீரக வடிகட்டலைக் காட்டும், தசை சாராத சிஸ்ரற்றின் சி என்ற இரத்தப் பரிசோதனை இருந்தால் கேள்வி தீர்ந்திருக்கும். அது எங்களிடம் இல்லை.

அச்சிட்ட வீச்சு யாருடையது?

வீச்சு என்பது நோயற்றவர் ஒரு கூட்டத்தை அளந்து, அடியில் 2.5%ஐயும் மேலே 2.5%ஐயும் வெட்டிவிட்டு நடுவில் மிஞ்சும் 95%. நோயற்றவரில் நூற்றுக்கு ஐந்து பேர் எப்போதும் வெளியே நிற்பார்கள் என்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரு சுகதேகிக்குச் செய்தால், ஒன்றிலாவது குறி விழும் வாய்ப்பு 64%. ‘முழு உடல் செக்கப்’ செய்துவிட்டுப் பயந்துபோய் வருகிறவர்களுக்கு இதை முதலில் சொல்லவேண்டும். உண்ணாநிலைக் குளுக்கோசு 7.0, எச்பிஏ1சி 6.5% போன்றவை வேறு வகை; அவை கூட்டத்தை வெட்டி வந்த எல்லைகள் அல்ல, எந்த அளவுக்கு மேல் நீரிழிவின் தீங்கு கூடுகிறது என்று பார்த்து வைத்த தீர்மான எல்லைகள். அறிக்கையில் இரண்டும் ஒரே நிரலில் வருவது பெரிய குழப்பம்.

எங்கள் 53 முதல் 97 வரையான வீச்சு எங்கிருந்து வந்தது? இரசாயனப் பொதியோடு வந்த தாளிலிருந்து. அந்தக் கூட்டம் வேறொரு நாட்டில், வேறு உணவோடும் வேறு உடலோடும் இருந்த கூட்டம். சொந்தமாக வீச்சு நிறுவ ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 120 பேர் வேண்டும் என்கிறது ஆய்வுகூடங்களுக்குத் தர வழிகாட்டிகள் எழுதும் சி.எல்.எஸ்.ஐ அமைப்பின் வழிகாட்டி. அது சின்ன ஆய்வுகூடத்துக்கு எட்டாது என்பதால், வெளியிலிருந்து எடுத்த வீச்சைச் சரிபார்க்க 20 பேர் போதும் என்று ஒரு வழியும் தருகிறது: இருவருக்கு மேல் வெளியே விழாவிட்டால் வைத்துக்கொள்ளலாம், மூவரோ கூடவோ விழுந்தால் இன்னும் 20 பேரைப் பார்க்கவேண்டும், திரும்பவும் அப்படியென்றால் அந்த வீச்சு உங்கள் ஊருக்கு ஆகாது.

ஆனால் வன்னியில் அந்த 20 பேர் யார்? எல்லோரும் முதலில் சொல்வது இரத்ததான முகாம். முகாமில் 50 கிலோவுக்குக் குறைந்தவர்களை எடுப்பதில்லை, ஹீமோகுளோபின் குறைந்தவர்களை எடுப்பதில்லை. எங்கள் கிளினிக்கில் வரிசையில் இருக்கும் மெலிந்த பெண்கள் அங்கேயே வடிக்கப்பட்டுவிடுகிறார்கள். அடுத்தது தாதியரும் பணியாளர்களும். அவர்களும் வெயிலில் கச்சான் பிடுங்குகிறவர்கள் அல்லர். விவசாயிகளையே எடுத்தால், வெளியில் தெரியாமல் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியவர்களும் ‘சுகதேகி’ என்று உள்ளே வந்துவிடுவார்கள், மேல் எல்லை தேவையில்லாமல் உயர்ந்து உண்மையான நோயாளிகளை மறைத்துவிடும். இந்த மூன்றாவது ஆபத்துத்தான் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் என்ற அளவை எடுத்து, அதையே நல்லது என்று அச்சிட்டுவிடக் கூடாது. சிறுநீர் அல்புமின் பார்த்து, வலிமாத்திரை எடுக்காதவர் என்று கேட்டு, அதன் பிறகுதான் சேர்க்கவேண்டும்.

ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் முடிவுகளிலிருந்து கணிதத்தால் நோயற்றவர் பகுதியைப் பிரித்தெடுக்கும் மறைமுக முறைகளும் உண்டு. சி. ஜி. பட்டாச்சார்யா 1967இல் வெளியிட்ட வழி அவற்றில் பழையது, தாளும் பென்சிலும் போதும். மீன்களின் நீளத்தை வைத்து வயதுக் கூட்டங்களைப் பிரிக்க மீன்வள ஆய்வாளர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வைத்தியசாலைத் தரவில் நோயாளிகள் கூடிவிட்டால் அது வழுக்கும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்து முடித்தாலும் இந்த அம்மாவுக்கு அது உதவாது. கிரியேற்றினின் ஒருவருக்குள் ஆடுவது 5% என்றால், ஆளுக்கு ஆள் வேறுபடுவது 14% அளவில். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வருவது 0.6க்குக் குறைந்தால், கூட்டத்தின் வீச்சை வைத்து ஒருவரின் மாற்றத்தைக் கண்டுபிடிப்பது கடினம் என்று புள்ளியியலாளர் ஹரிஸ் 1974இலேயே காட்டினார். கிரியேற்றினினுக்கு அது 0.4க்கும் கீழே. ஒருவர் தன்னுடைய அளவிலிருந்து வெகுதூரம் விலகிய பிறகும் கூட்டத்தின் வீச்சுக்குள்ளேயே நிற்கலாம். போரில் கை கால் இழந்தவர்கள் இவ்வளவு பேர் வாழும் இந்த மண்ணில் இது அபூர்வமான விதிவிலக்கு அல்ல.

மாற்றியவை

அவருடைய கொப்பியின் முதற்பக்கத்தில் டொக்டர் எழுதியிருக்கிறார்: அடிப்படைக் கிரியேற்றினின் 50; அது 60ஐத் தாண்டினால் உடனே பார்க்கவும்; டைக்குளோபினாக், ஐபுப்ரோபன் கொடுக்கக் கூடாது. பாமசிக்காரருக்கும் காட்டச் சொல்லி மகனிடம் சொல்லியிருக்கிறது. காலின் உளைவுக்குப் பரசிற்றமோலும் செயற்கைக்காலின் குழியைத் திருத்துவதும் ஏற்பாடாயின. லோசாற்றன் திரும்பத் தொடங்கிய பிறகு பார்த்ததில் 55. 50இலிருந்து அது 10% ஏற்றம், 16%க்குள்.

ஆய்வுகூடத்தில், முந்தைய கிரியேற்றினினைவிட 20%க்கு மேல் கூடினால் வீச்சுக்குள் இருந்தாலும் ‘முன்னைய முடிவோடு ஒப்பிடவும்’ என்று அறிக்கையில் எழுதி, பழைய எண்ணையும் திகதியையும் போடுகிறோம். மைக்றோமோலுக்குக் கீழே மில்லிகிராமையும் அச்சிடுகிறோம். கிரியேற்றினின் கோரும் படிவத்தில் எடை, அங்க இழப்பு என்று இரண்டு கட்டங்கள் சேர்ந்திருக்கின்றன. எல்லோரும் நிரப்புவதில்லை, நிரப்பாதவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறோம்.

பொற்றாசியத்துக்குத்தான் நல்ல வழி இன்னும் இல்லை. சுழற்றாமல் ஐஸில் வந்த மாதிரியில் பொற்றாசியத்தை நாங்கள் இப்போது செய்வதில்லை, ஆளை அனுப்பச் சொல்கிறோம். உள்ளூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒருவருக்கு அது ஒரு நாள் கூலி. அந்தக் கிராமிய வைத்தியசாலையிலேயே ஒரு சிறிய சுழற்றி இருந்தால், எடுத்த இரத்தம் உறைந்ததும் அங்கேயே சுழற்றி, சீரத்தை மட்டும் பிரித்து அனுப்பலாம். பிறகு ஐஸும் கெடுதல் செய்யாது. கேட்டு எழுதியிருக்கிறோம்.